சொன்னால் சொன்னதுதான்

மூணாம் நம்பர் லயம்,
கல்லுமலைப் பிரிவு, பூனாகலை வழி,
பண்டாரவளை.
16.01.2024

அன்புத் தம்பி சஜீவனுக்கு,

அம்மாவின் இருமலையும் என் முழங்கால் வலியையும் கழித்துவிட்டுப் பார்த்தால் நாங்கள் இருவரும் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? இங்கிலாந்துப் பனிக்குக் கனத்த சட்டை வாங்கினாயா, இல்லை பண்டாரவளைச் சந்தையில் வாங்கிய அதே பச்சை ஸ்வெட்டரோடுதான் திரிகிறாயா?

நேற்றுப் பொங்கல். கிறிஸ்மசுக்கு நாம் கொடுத்த கேக்குக்குப் பதிலாக லயத்தில் ஏழு வீட்டிலிருந்து பொங்கல் வந்தது. இன்று காலை பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவில் என்னிடம் விட்டுவிட்டுத் தாய்மார் கொழுந்தெடுக்கப் போனார்கள். முப்பது வாண்டுகளும் பிசுபிசுத்த கையோடு என் சேலையைத்தான் பிடித்து இழுத்தன.

நீ மாதம் ஒரு தடவை போன் எடுக்கிறாய். நான் சிக்னல் தேடி ஸ்கூல் மேட்டுக்கு ஓடி, "கேக்குதா, கேக்குதா" என்று கத்தி முடிப்பதற்குள் உனக்கு வேலை வந்துவிடுகிறது. அம்மாவுக்குக் கடிதம்தான் வேண்டுமாம். தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம், நினைத்தபோது என்னை வாசிக்கச் சொல்லலாம். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறாள், அப்படியே எழுதுகிறேன்: "எப்ப வர்றன்னு கேளு. லீவு இல்ல, லீவு இல்லன்னு எழுத வேணாம்னு சொல்லு. எனக்கு ஒண்ணும் வாங்கிட்டு வர வேணாம். வந்து எம் பக்கத்துல உக்காந்தா போதும்."

அம்மா பங்கு முடிந்தது, இனி என் பங்கு. லயம் எரிந்த மறு மாதம் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து இடது பக்கம் விழுந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து அவள் வீடு வந்த அன்றே நீ கொழும்புக்குப் பெட்டி கட்டினாய். அங்கே ஹோட்டலில் ஐந்து வருடம். ஒரே ரயில், ஏறினால் பண்டாரவளை. நீ ஏறவில்லை. இப்போது கடலையே தாண்டிவிட்டாய். ஆறரை வருடமாக அம்மா உன் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கு வயது எழுபத்திரண்டு. இதற்கு மேல் நான் என்ன எழுத?

அவள் பிடிவாதம் மட்டும் குறையவில்லை. லயம் எரிந்ததில் இருந்து தலைக்கு எண்ணெய் வைக்க என்னை விடுவதே இல்லை. இடது கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வலது கையாலேயே தேய்த்துக்கொள்கிறாள். கேட்டால், "எந் தலைய நான் பாத்துக்கறேன், நீ ஒஞ் சோலியப் பாரு" என்கிறாள்.

உன் முதியோர் இல்லம் குவேக்கர்காரர்களுடையது என்றாயே, அது என்ன சபை? நம் பாஸ்டருக்கே சரியாகத் தெரியவில்லை. உன்னை ஏதாவது மாற்றிவிடுவார்களோ என்று அம்மாவுக்குப் பயம். விவரம் எழுது.

உன் அக்கா,
றோசாலி


இங்கிலாந்து
11.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன் என்று முதலில் அம்மாவிடம் சொல்லிவிட்டு மற்றதை வாசி. புது ஸ்வெட்டர் வாங்கிவிட்டேன். பச்சையை எறிய மனமில்லாமல் அதை உள்ளே போட்டுக்கொள்கிறேன். உன் முழங்காலுக்கு மருந்து பூசுகிறாயா?

அம்மா பயப்பட வேண்டாம். இவர்கள் யாரையும் மாற்றுகிற ஆட்களே இல்லை. முந்நூற்றைம்பது வருடத்துக்கும் மேல் பழைய கூட்டம். குவேக்கர் என்பது அந்தக் காலத்தில் ஊரார் கேலிக்கு வைத்த பெயர். தங்களுக்குள் 'நண்பர்கள்' என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். பாஸ்டர் இல்லை, பீடம் இல்லை, பாட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வட்டமாக நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அதுதான் ஆராதனை. ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் கடவுளுடைய வெளிச்சம் கொஞ்சம் இருக்கிறதாம், அது தெரிய வேண்டுமானால் நாம் சத்தத்தைக் குறைக்க வேண்டுமாம். சொல்லியே ஆக வேண்டும் என்று யாருக்காவது உள்ளே தோன்றினால் எழுந்து நாலு வார்த்தை சொல்வார்கள். டாக்டரும் சொல்லலாம், வீடு கூட்டுகிறவரும் சொல்லலாம். யாருக்கும் ஒன்றும் தோன்றாவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்குக் கை கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அந்த டீயில் சாயமே இருக்காது, அதைப் பார்த்தால் நீ அழுதுவிடுவாய்.

இன்னொரு கூத்து. இவர்களிடம் மிஸ்டர், மிஸஸ் கிடையாது. எல்லோரும் சமம், எல்லோருக்கும் வெறும் பேர்தான். எடித் என்று ஒருவர் இருக்கிறார், வயது எண்பத்தெட்டு. துரை, ஐயா, அம்மா என்று பழகிய என் நாக்குக்கு அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட வரவில்லை. 'எடித் அம்மா' என்கிறேன். 'அம்மா' என்பதும் தன் பேரில் பாதி என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

சக்கர நாற்காலிக்காரர்களை அந்த வட்டத்தில் கொண்டுபோய் விடுவது என் வேலை. "நீயும் உட்காரேன்" என்றார்கள். ஒரு தடவை உட்கார்ந்தேன். பத்து நிமிடம் தாங்கவில்லை. வேண்டாததெல்லாம் நினைவுக்கு வருகிறது. பாத்திரம் கழுவ வேண்டும் என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். பாத்திரமெல்லாம் ஏற்கனவே கழுவியிருந்தது.

வருகிற விஷயம்: இப்போது ஆள் குறைவு, லீவு கேட்க முடியாத நிலை. அடுத்த வருடம் பார்க்கலாம். அம்மாவுக்கு நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். இங்கேயும் மலை இருக்கிறது அக்கா, ஆனால் மலையில் ஆளே இல்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கப் பெரட்டுக்குக் கூப்பிடுகிற சத்தம் கேட்காமல் எனக்கு ஒழுங்காக விழிப்பதுகூட இல்லை.

அம்மாவுக்கு முத்தம்.

தம்பி,
சஜீவன்

பி.கு: மாரிசாமி மாமா இப்போது எங்கே இருக்கிறார்? சும்மாதான் கேட்டேன்.


கல்லுமலைப் பிரிவு
05.03.2024

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீயும் அப்படியே இருக்க அம்மா ராத்திரி ஜெபத்தில் உன் பேரைத்தான் முதலில் சொல்கிறாள். என் பேர் அவளுடைய ஆட்டுக்குட்டிக்கு அப்புறம்தான் வருகிறது.

உன் கடிதத்தை மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். பேசாமல் உட்கார்ந்திருக்கும் சபையைப் பற்றிக் கேட்டுவிட்டு, "அது நல்லதுதான், நம்ம கோயில்ல மைக் சத்தத்துல சாமிக்கே காது அடைச்சுரும்" என்றாள். 'அடுத்த வருடம்' என்ற இடம் வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பக்குவமாகச் சொல்ல வேண்டுமாம்! நீயே வந்து சொல்லிப் பார்.

மாரிசாமியைக் கேட்டிருந்தாய். மொனராகலையில் மகள் சுபாஜினி வீட்டில் இருக்கிறாராம், கரும்பு வெட்டப் போகிறாராம். நம் லயத்துச் சின்னராசா அண்ணன் சந்தையில் பார்த்ததாகச் சொன்னார். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் முப்பது வருடம் வேலை செய்த மனுஷன், இந்த வயதில் வெயிலில் கரும்பு. நான் இரங்க மாட்டேன். அவருடைய வெள்ளிக்கிழமை விளக்கு விழுந்துதானே லயத்தின் பன்னிரண்டு வீட்டுக் காம்பராவும் சாம்பலானது? என் ஏ.எல். சர்ட்டிபிக்கேட், பயிற்சிக் கடிதம், எல்லாம் அந்தத் தகரப் பெட்டியில் இருந்தன. ஆசிரியர் நியமனத்துக்கு இன்டர்வியூ பத்தாவது நாள். வெறும் கையோடு போனேன், திருப்பி அனுப்பினார்கள். அடுத்த தடவை கூப்பிடுவதற்குள் வயது எல்லை தாண்டிவிட்டது. இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் நிற்க வேண்டியவள் பிள்ளைக்காம்பராவில் மூக்குத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு மறந்திருக்காது. கோயில் மேட்டில் தட்டில் சூடம் ஏற்றி, காம்பராவுக்கு ஒரு ஆளாகச் சத்தியம் பண்ணச் சொன்னார்கள். எல்லோரும் சூடத்தை அடித்து அணைத்தார்கள். நீ ஒரு நிமிடமும் யோசிக்காமல் அம்மா தலையில் கையை வைத்து, "எங்க காம்பரால இருந்து இல்ல" என்றாய். மாரிசாமி மட்டும், "என் வெளக்குல இருந்து இல்ல. நான் சொன்னா சொன்னதுதான், சூடம் எதுக்கு?" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். மடியில் கனமில்லாதவர் சூடத்தைப் பார்த்து ஏன் ஓட வேண்டும்? அன்றைக்கே லயத்துக்குத் தெரிந்துபோனது யார் என்று. ஒரு மாதம் ஒருத்தரும் முகம் கொடுக்கவில்லை, அவரே போய்விட்டார். புதுக் கூரை போட்ட பிறகும் அவர் காம்பரா பூட்டித்தான் கிடக்கிறது.

இனி அந்த ஆளைப் பற்றிக் கேட்காதே. லீவு கேள்.

உன் அக்கா,
றோசாலி


கல்லுமலைப் பிரிவு
22.04.2024

தம்பி சஜீவனுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஈஸ்டர் போனது, சித்திரை வருடப் பிறப்பும் போனது. நீ போனும் எடுக்கவில்லை.

இங்கே சுகம். ஒரு வாரம் நான் வேலைக்குப் போகவில்லை, பதுளைக்குப் போகிற அலுவல் இருந்தது. அம்மா தூங்குகிறாள். இப்போதெல்லாம் நிறையத் தூங்குகிறாள், வெயில் காலம்தானே. அதனால் இதில் அவள் சொல்லி எழுதுவது ஒன்றும் இல்லை.

இரண்டு வரியாவது எழுது. தபால் வந்ததா என்று தோட்ட ஆபிஸ் கிளாக்கரிடம் கேட்டுக் கேட்டு, அவர் என்னைக் கண்டாலே கையை விரிக்கிறார்.

றோசாலி


இங்கிலாந்து
19.05.2024

அன்பு அக்கா,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாசிக்காதே. நீ மட்டும், கதவைச் சாத்திவிட்டு வாசி.

எங்கள் இல்லத்தில் ஆர்தர் என்று ஒரு பெரியவர் விழுந்து, ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். இங்கே அப்படி நடந்தால் கோர்ட்டில் மரண விசாரணை வைப்பார்கள். அன்று வேலையில் இருந்தவன் நான், அதனால் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். எங்கள் சமையல்காரி ஹெலன் துணைக்கு வந்தாள். அவள் பிறந்ததில் இருந்தே குவேக்கர், வாயாடி. பயத்தை மறக்கட்டும் என்று பஸ்ஸில் எனக்குப் பழைய கதை சொன்னாள்.

அந்தக் காலத்தில் ராஜாவுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் பண்ணச் சொன்னால் இவர்கள் மாட்டேன் என்பார்களாம். விசுவாசம் இல்லாமல் இல்லை. சத்தியம் பண்ணினால்தான் உண்மை என்றால் மற்ற நாளில் பேசுவதெல்லாம் பொய்யா என்பது அவர்கள் கேள்வி. இயேசுவே சத்தியம் பண்ணாதீர்கள் என்று சொல்லியிருக்கிறாரே என்றும் கேட்டிருக்கிறார்கள். அதற்காக ஆயிரக்கணக்கில் ஜெயிலுக்குப் போனார்கள். வீடு, நிலம் பறிபோனது. ஜெயிலிலேயே செத்தவர்களும் உண்டு. மறுத்த ஒரே காரணத்துக்காக ஊரே அவர்களைக் குற்றவாளிகள் என்று நம்பியதாம். ஹெலன் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு அவள் முகம் தெரியவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கோயில் மேட்டில் இருந்து இறங்கிப் போன முதுகுதான் தெரிந்தது.

கோர்ட்டில் ஒரு பெண் வந்து, "எந்த வேதத்தின்மேல் சத்தியம் பண்ணுகிறீர்கள், அல்லது வெறும் உறுதிமொழி போதுமா?" என்று கேட்டாள். அந்த இரண்டாவது வழி சட்டத்தில் வந்ததே குவேக்கர்களால்தானாம். என் வலது கை எழும்ப மாட்டேன் என்றது. உறுதிமொழி போதும் என்றேன். பிறகு நடந்ததை நடந்தபடி சொன்னேன். கம்பளி எடுக்கப் போன இரண்டு நிமிடம் நான் ஆர்தர் பக்கத்தில் இல்லை, அப்போதுதான் விழுந்தார் என்றேன். அது யாருக்கும் தெரியாத இரண்டு நிமிடம். சொல்லாமலே இருந்திருக்கலாம். தண்டனை ஒன்றும் தரவில்லை. வெளியே வந்ததும் ஆர்தரின் மகள் என் கையைப் பிடித்து, "சொன்னதற்கு நன்றி" என்றாள். நான் நடைபாதையில் நின்று அழுதேன்.

அக்கா, மாரிசாமி மாமாவின் விளக்கு விழவில்லை. தீ என் வயரில் இருந்து வந்தது.

போன் ரிப்பேர் பண்ணுவதற்கு ஈயம் உருக்குகிற ஒரு சூட்டுக்கோல் வைத்திருந்தேனே, அதற்குக் கரண்ட் போதவில்லை என்று கூரைக்கு உள்ளால் ஒரு வயர் இழுத்தேன். மெயின் அவர் காம்பராப் பக்கம்தான் இருந்தது. அவர் உத்தரத்துக்கு மேலே இணைத்து டேப் சுற்றினேன். தீப்பிடிப்பதற்கு முதல் நாள் அவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, மேல வயர் சுடுது, ஒரு வாடை வருது. கழட்டிரு" என்றார். "நாளைக்கு மாமா" என்றேன். மறுநாள் சூட்டுக்கோலை அணைக்காமல் வாலிபால் விளையாடப் போனேன். மூன்று மணிக்குப் புகை தெரிந்தது.

அம்மா தலையில் வைத்தேனே, அது பொய்ச் சத்தியம். மறு மாதம் அம்மா விழுந்தாள். என் கைதான் அவளை விழுத்தியது என்று நினைத்தேன், இன்றைக்கும் சில நேரம் அப்படித்தான் நினைக்கிறேன். அதனால்தான் ஓடினேன். லீவு எப்போதும் இருந்தது அக்கா. கொழும்பிலும் இருந்தது.

உன் சர்ட்டிபிக்கேட்டை எரித்தவனும் நான்தான்.

சஜீவன்


02.07.2024

சஜீவனுக்கு,

வாசித்தேன்.

நீ போனில் கூப்பிட்டதும் தெரியும். எடுக்க வேண்டாம் என்றுதான் எடுக்கவில்லை.

ஏழு வருடம் அந்த மனுஷனைச் சபித்திருக்கிறேன். தண்ணீர் பிடிக்கப் போகும்போதெல்லாம் அவருடைய பூட்டிய கதவைப் பார்த்துச் சபித்தேன். அவர் லொறியில் சாமான் ஏற்றிய அன்று சுபாஜினி என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தாள், நான் கதவைச் சாத்தினேன். அத்தனையும் இப்போது என் கணக்கில் வந்து நிற்கிறது. நான் டீச்சர் ஆகாததைக்கூட மன்னித்துவிடலாம் போலிருக்கிறது, இதை முடியவில்லை.

அம்மா இருக்கிறாள். மழை பெய்கிறது.

றோசாலி


இங்கிலாந்து
24.07.2024

அன்பு அக்கா,

நீ எழுதியதே பெரிது. திட்டுவதற்காகவாவது இன்னும் எழுது.

உன் முன்னால் எனக்குச் சொல்ல நியாயம் ஒன்றும் இல்லை. இப்போது நான் அந்த வட்டத்தில் ஒரு மணி நேரமும் உட்காருகிறேன். ஒன்றும் சுலபமாகவில்லை. கண்ணை மூடினால் லயத்து வாசல், அம்மா விறகு பிளக்கிற சத்தம், மழைக்குப் பிறகு வருகிற ஆவி. வீட்டுக்கு வர வேண்டும் போல இருக்கிறது அக்கா. அம்மா மடியில் படுக்க வேண்டும். ஆனால் எந்த முகத்தோடு வருவேன்? அந்தத் தலையை எப்படிப் பார்ப்பேன்?

இந்த உறையில் இன்னொரு கடிதம் இருக்கிறது. அது மாரிசாமி மாமாவுக்கு. உனக்கு எழுதியதுதான் அதிலும் இருக்கிறது, மன்னிப்பு மட்டும் கூடுதல். அவருக்கு வாசித்துக் காட்டு. பிறகு லயத்திலும் எல்லோர் முன்னாலும் வாசி. அவர் என்ன சொன்னாலும், காறித் துப்பினாலும், அப்படியே எழுது.

ஒன்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நான் கையை நீட்டியபோது அம்மா தலையைக் கொஞ்சம் குனிந்து கொடுத்தாள். அது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அம்மாவின் கால்களைத் தொட்டு,
சஜீவன்


கல்லுமலைப் பிரிவு
20.08.2024

தம்பி சஜீவனுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று இந்தத் தடவை கேட்கிறேன். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை, பதினெட்டாம் தேதி, மொனராகலைக்குப் போனேன். லயம் எரிந்து அன்றோடு ஏழு வருடம். அம்மாவைச் சின்னராசா அண்ணன் பெண்சாதி பார்த்துக்கொண்டாள். கொஸ்லந்தைக்கு இறங்கி, வெல்லவாயவில் பஸ் மாறினேன். அங்கே காற்றே சுடுகிறது. கரும்புக் காட்டு ஓரத்தில் தகரம் போட்ட வீடு. சுபாஜினிதான் முதலில் பார்த்தாள். "என்ன அக்கா, எங்ககிட்ட இன்னும் எரியிறதுக்கு ஒண்ணும் இல்லியே" என்றாள். நான் அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டேன். உள்ளே இருந்து அவர், "யாரு, றோசா? உள்ள வா புள்ள, வெயில்ல நிக்காத" என்றார். இளைத்துக் கறுத்துப் போயிருக்கிறார். முதல் கேள்வி, "அம்மா எப்படி இருக்கு?"

கடிதத்தை வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்த பிறகும் திறக்கவில்லை. நீ எழுதிய அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு நீளம் என்று எனக்கு அப்போது தெரிந்தது. சுபாஜினிக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஒங்களுக்கு இது தெரியுமாப்பா?"

"தெரியும். நான்தானே வயரக் கழட்டச் சொன்னேன்."

"பின்ன ஏன்ப்பா சொல்லல? ஏழு வருசம் ஊரு பேச்சைக் கேட்டுக்கிட்டு, இந்த வெயில்ல..."

அவர் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "அன்னிக்கு மேட்டுலயே சொல்லியிருப்பேன். சின்னப் பயலாச்சே, அவனே சொல்லட்டும்னு பாத்தேன். அவன் அம்மா தலையில கைய வச்சுட்டான். அதுக்கு மேல எப்படிச் சொல்றது? அப்புறம் நாங்க லொறியில சாமான் ஏத்துன அன்னிக்கு ஒங்கம்மா பின்பக்கமா வந்துச்சு. 'எம் மகன் வயருதாண்ணே, எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் தலையக் குடுத்தேன். அவனப் புடிச்சுக் குடுத்துறாதீங்க'ன்னு அழுதுச்சு. சரி, சொல்ல மாட்டேன்னேன். 'சத்தியம் பண்ணுங்கண்ணே'ன்னுச்சு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு புள்ள. 'நான் சொன்னா சொன்னதுதான்னு நீயாச்சும் நம்பு தங்கச்சி'ன்னேன்."

அம்மாவுக்குத் தெரியும், சஜீவன். முதல் நாளில் இருந்தே தெரியும்.

நான் அவர் காலில் விழப் போனேன். "எந்திரி, நீ என்ன செஞ்ச?" என்றார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். லயத்திலும் வாசிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். "கடுதாசி வந்து நின்னு பேசக் கூடாது. அவன் வாயால ஒரு நா வரும்னு இருந்தேன், பாதி வந்துருச்சு. மிச்சத்த அதே மேட்டுல வந்து சொல்லட்டும். சூடமெல்லாம் வேணாம்."

வரும்போது சுபாஜினி பஸ் வரைக்கும் வந்தாள். பஸ் புறப்படும்வரை நின்றாள்.

அக்கா,
றோசாலி


இங்கிலாந்து
14.09.2024

அன்பு அக்கா,

டிக்கெட் எடுத்துவிட்டேன். நவம்பர் ஒன்பதாம் தேதி கட்டுநாயக்க ஏர்போர்ட்டில் இறங்கி, பத்தாம் தேதி பூனாகலை. லீவு கேட்டபோது, இரண்டு வருடமாக நான் ஏன் கேட்கவில்லை என்றுதான் ஆச்சரியப்பட்டார்கள். மாமாவிடம் சொல்லிவிடு. நான் மேட்டில் நின்று சொல்வேன்.

அம்மா குனிந்து கொடுத்தது விளங்கிவிட்டது. விளங்காமலே இருந்திருக்கலாம் என்று இரண்டு நாள் நினைத்தேன். நான் அவள் தலையில் பொய்யை வைத்தேன், அவள் அதை இறக்கி வைக்காமல் ஏழு வருடம் சுமந்திருக்கிறாள்.

இப்போது நீ எனக்கு ஒரு உண்மை சொல்ல வேண்டும். உன் கடிதங்களை எல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஏப்ரலில் இருந்து அம்மா சொல்லி எழுதிய ஒரு வரிகூட இல்லை. திட்டுகூட இல்லை. போனில் கேட்டால் 'இருக்கிறாள்' என்கிறாய். காகிதத்தில் எழுதினால் உனக்குப் பொய் வராது. அம்மாவுக்கு என்ன?

சஜீவன்


கல்லுமலைப் பிரிவு
12.10.2024

அன்புத் தம்பி சஜீவனுக்கு,

நான் சுகம், முழங்கால்கூடப் பரவாயில்லை. இந்தக் கடிதத்தில் என் சுகத்தை மட்டும்தான் அப்படி எழுத முடியும்.

ஏப்ரலில் அம்மாவுக்கு இரண்டாம் தடவையும் வாதம் வந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் ஆறு நாள் வைத்திருந்தோம். அதோடு பேச்சு போய்விட்டது. காது கேட்கிறது, எல்லாம் விளங்குகிறது. வாயில் இருந்து ஒரு சொல் வரவில்லை. உடனே பயமில்லை என்று டாக்டர் சொல்கிறார், நாளும் சொல்ல மாட்டேன் என்கிறார். அப்போது சொல்லியிருந்தால் நீ இன்னும் தூரம் ஓடிவிடுவாய் என்று மறைத்தேன். பிறகு உன்மேல் கோபத்தில் மறைத்தேன். நீ உன்னுடையதைச் சொல்லிவிட்டாய், இது என்னுடையது.

மொனராகலையில் இருந்து வந்த அன்றே நீ வாசிக்க வேண்டாம் என்ற கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். வயர் என்ற இடம் வந்ததும் அழ ஆரம்பித்தாள். துக்கத்தில் அழுத மாதிரி இல்லை. முதுகில் இருந்து கொழுந்துக் கூடையை இறக்கிய பிறகு ஒரு மூச்சு விடுவாளே, அந்த மாதிரி. நீ வருகிற தேதியையும் உன் கடிதம் வந்த அன்றே சொன்னேன். வலது கை விரலை மடக்கி மடக்கி எண்ணுகிறாள். எத்தனை தடவை எண்ணினாலும் இருபத்தொன்பது நாள் குறையவில்லை.

போன ஞாயிறு மாரிசாமி மாமா வந்தார். லயமே வாசலில் வந்து நின்று பார்த்தது. ஒருத்தரையும் பார்க்காமல் நேராக உள்ளே வந்து அம்மா கட்டில் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்தார். "வந்துட்டேன் தங்கச்சி" என்றார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னராசா அண்ணன் பின்னாலேயே வந்து ஏதோ கேட்க வாயெடுத்தார். மாமா, "பத்தாந் தேதி வரைக்கும் பொறுங்க" என்று மட்டும் சொன்னார். அண்ணன் உட்கார்ந்துவிட்டார். பிறகு ஒவ்வொருத்தராக வந்து தரையில், படியில், கதவோரம் உட்கார்ந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. மழை மட்டும் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் மாமா எழுந்து தன் காம்பராவைத் திறக்கச் சாவி கேட்டார். உன் எடித் அம்மாவிடம் சொல், எங்கள் லயத்திலும் ஒரு நாள் அந்த ஆராதனை நடந்தது, டீ மட்டும் நல்ல சாயமாக இருந்தது என்று.

மாமா திரும்பிப் போகவில்லை. நீ வரும்வரை இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

தம்பி, இன்று காலை அம்மாவுக்குத் தலை வாரலாம் என்று எண்ணெயை எடுத்துக்கொண்டு போனேன். இப்போது வலது கையும் தலைவரை எட்டுவதில்லை, பாவம். இருந்தும் என் கையைத் தள்ளிவிட்டாள். எண்ணெய்ப் போத்தலைக் காட்டினாள், கதவைக் காட்டினாள், பிறகு தலையணைக்கு அடியில் இருக்கும் உன் கடிதங்களைக் காட்டினாள். ஏழு வருடமாக ஏன் என்னைத் தொட விடவில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த இடத்தில் உன் கை இருக்கிறது. அதற்கு மேல் வேறு கை படக் கூடாது என்று வைத்திருக்கிறாள்.

மேட்டில் சொல்ல வேண்டியதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். நீ வந்ததும் முதலில் அம்மாவிடம் வா. அன்றைக்கு வைத்த இடத்திலேயே கையை வை. ஒன்றும் சொல்லாதே.

எண்ணெய் சுட வைத்திருப்பேன்.

உன் அக்கா,
றோசாலி